எழுபது கி.மீ. வேகத்தில் ஓர் உதறல்: தானியங்கி கியர்பாக்ஸும் வாரண்டியும்

கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சி நோக்கிச் செல்கையில், எழுபது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை இலேசாக மட்டும் மிதித்திருந்தபோதுதான் அந்த உதறலை முதலில் உணர்ந்தேன். வேகத்தைக் குறைப்பதற்காகச் சாலையில் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளின்மேல் வண்டி ஏறினால் எப்படி இருக்குமோ அப்படி இரண்டு மூன்று நொடிகளுக்கு ஒரு தொடர் அதிர்வு. பிறகு ஒன்றும் நடவாததுபோல் அமைதி. அந்த இடத்தில் பட்டைகள் எவையும் இல்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவி கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, "ரோடு சரியில்லையா?" என்று கேட்டார்.

அது 2024 ஜூன் மாதம். ஓடுமானி 38,400 கி.மீ. காட்டியது. வண்டி 2021 ஆகஸ்டில் வாங்கிய, ஏழு பேர் அமரும் டீசல் எஸ்யூவி. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையைச் சேர்ந்த ஆறு கியர் தானியங்கி கியர்பாக்ஸ் கொண்டது. நிறுவனத்தின் வாரண்டி மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கி.மீ.; அதற்குமேல் இரண்டு ஆண்டுகளுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டியும் பணம் கட்டி எடுத்திருந்தேன். உதறல் தொடங்கியதிலிருந்து டார்க் கன்வெர்ட்டர் மாற்றப்பட்டு வண்டி கைக்கு வந்து சேரும் வரை ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் கியர்பாக்ஸைக் கழற்றிப் பூட்டுவதற்குப் பிடித்தவை மூன்று நாட்கள்தான்; மற்ற நாட்கள் முழுவதும் உதறல் என்று ஒன்று இருக்கிறது என்பதை எழுத்தில் ஏற்றுக்கொள்ள வைப்பதற்கே செலவாயின.

முதலில் நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். அதிர்வு என்றதும் சக்கரம்தான் காரணம் என்று நினைத்து, நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங்கும் அலைன்மென்டும் செய்தேன். உதறல் போகவில்லை. பிறகு இன்ஜெக்டரில் சிக்கல் இருக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டீசல் டாங்கில் ஊற்றும் சுத்திகரிப்பு திரவத்தை இரண்டு முறை வாங்கி ஊற்றினேன். அதிலும் பயனில்லை. சக்கர பேலன்சிங் கெட்டிருந்தால் அதிர்வு வேகத்தைச் சார்ந்து வரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் அது தொடரும். எனக்கு வந்த உதறலோ காலைச் சற்றே எடுத்தால் நின்றது, சற்றே அழுத்தினாலும் நின்றது; இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த மெல்லிய மிதிப்பில் மட்டும் வந்தது. இந்த வேறுபாட்டை முதல் நாளே கவனித்திருந்தால் மூவாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

நோயைச் சரியாகப் பிடித்தவர், சிங்காநல்லூரில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் ஒரு மெக்கானிக் அண்ணன். வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்து, "ஆயில் நல்லாச் சூடாகட்டும் தம்பி, சும்மா ஓட்டுங்க" என்றார். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு உதறல் வந்தது. "ஆக்சிலரேட்டர எடுக்காதீங்க. இடது காலால பிரேக்கச் சும்மா தொடுங்க, அழுத்த வேண்டாம்" என்றார். பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மிதியைத் தொட்டேன். அந்தக் கணமே எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ இருநூறு கூடியது; உதறல், கத்தரியால் வெட்டியதுபோல் நின்றது. காலை எடுத்ததும் சுழற்சி இறங்கி உதறல் மீண்டும் வந்தது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதே விளைவு. "லாக்-அப் கிளட்ச்தான். நான் கை வைக்க மாட்டேன், வாரண்டி இருக்கில்ல, அவங்ககிட்டயே போங்க" என்று சொல்லி, காசு வாங்க மறுத்து, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு இறங்கினார். இந்தச் சோதனையைச் செய்து பார்க்க விரும்புவோர், பின்னால் வண்டி எதுவும் வராத நேர்ச்சாலையில் மட்டும் செய்ய வேண்டும். இடது கால் பிரேக்குக்குப் பழகியதல்ல, சற்று மிகையாக அழுத்திவிடும்.

பிரேக்கைத் தொட்டால் உதறல் ஏன் நிற்க வேண்டும்? டார்க் கன்வெர்ட்டருக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள் இருக்கின்றன. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறி ஆயிலை வீசுகிறது. அந்த வீச்சில் மற்றது சுழன்று கியர்பாக்ஸைத் திருப்புகிறது. நடுவில் உள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றி, வண்டி கிளம்பும்போது இழுவிசையைக் கூட்டித் தருகிறது. இரண்டு விசிறிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லாததால் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் உண்டு. வழுக்கல் என்றால் சூடும் டீசல் விரயமும். அதைத் தவிர்க்கவே, சீரான வேகத்தில் செல்லும்போது லாக்-அப் கிளட்ச் என்னும் உராய்வுத் தட்டு இரண்டையும் நேரடியாகப் பிணைத்துவிடுகிறது. பிரேக் மிதியைத் தொட்டதும் வண்டியின் கணினி அந்தப் பிணைப்பை விடுவித்துவிடும். ஆகவே பிரேக்கைத் தொட்டால் நிற்கும் உதறல், அந்தத் தட்டில் பிறக்கும் உதறல் என்று பெரும்பாலும் துணிந்து கூறலாம்.

இக்காலக் கியர்பாக்ஸ்கள் அந்தத் தட்டை முழுதாக அழுத்திப் பிடிக்காமல், எஞ்சினின் அதிர்வு உள்ளே வராதிருப்பதற்காகச் சிறிதளவு வழுக்க விட்டே ஓட்டுகின்றன. வழுக்கல் சீராக நடக்க வேண்டுமானால், தட்டின் பரப்பும் ஆயிலில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். ஆயில் சூட்டில் களைத்தாலோ, அதில் ஈரம் சேர்ந்தாலோ, தட்டின் பரப்பு மெருகேறிப் போனாலோ, தட்டு ஒட்டுவதும் விடுவதுமாக நொடிக்குப் பலமுறை தடுமாறும். கரும்பலகையில் சாக்பீஸைச் சற்றே தவறான கோணத்தில் பிடித்து இழுத்தால், அது கிறீச்சிட்டுத் துள்ளித் துள்ளிக் கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகளை இடுமே, அதே நிகழ்வுதான் இது.

என் வண்டியின் ஆயில் ஏன் அவ்வளவு விரைவில் களைத்தது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை, ஏழு பேரும் சுமையுமாக, ஏசி போட்டுக்கொண்டு மூன்று ஆண்டுகளில் பதினைந்து முறையாவது ஏறியிருக்கிறேன். அத்தகைய மெதுவான ஏற்றத்தில் லாக்-அப் பெரும்பாலும் விடுபட்டே இருக்கும்; இழுவை முழுவதும் ஆயிலின் வழியாகவே நடக்கும்; வீணாகும் ஆற்றல் அத்தனையும் அந்த ஆயிலைத்தான் சூடாக்கும். கையேட்டில் சாதாரணப் பயன்பாட்டுக்குக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றத் தேவையில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் சிறிய எழுத்தில், மலைப்பாதை, பளு இழுத்தல், நெரிசலில் நின்று நின்று செல்லுதல் ஆகியவை கடும் பயன்பாடு என்றும், அதற்கு 60,000 கி.மீ.யில் மாற்ற வேண்டும் என்றும் இருந்தது. நம் ஊரில் இந்த மூன்றில் ஒன்றிலும் அகப்படாமல் எவர் வண்டி ஓட்டுகிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஜூலையில், 39,100 கி.மீ.யில், முதன்முறையாகச் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சர்வீஸ் அட்வைசர் மரியாதையான இளைஞர். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். புகாரையும் பார்க்க வேண்டிய வேலையையும் பதியும் ஜாப் கார்டில் 'வண்டியில் அதிர்வு – பொதுப் பரிசோதனை' என்று எழுதினார். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மாலையில் தொலைபேசியில் அழைத்து, "ஓட்டிப் பார்த்தோம் சார், எந்தக் குறையும் தெரியல. இந்த மாடலுக்கு இதெல்லாம் சகஜம்தான்" என்றார். ஸ்கேனரில் பிழைக்குறியீடு எதுவும் இல்லை என்பது அவர் காட்டிய முக்கியக் காரணம். லாக்-அப் கிளட்ச் அளவுக்கு மீறி வழுக்கும்போது பதிவாகும் பி0741 போன்ற குறியீடுகள், வழுக்கல் குறிப்பிட்ட அளவைத் தாண்டிக் குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் பதிவாகும். என் வண்டியின் உதறல் இரண்டு நொடியில் வந்து போய்விடுவது. அவர்கள் ஓட்டிப் பார்த்ததும் காலையிலிருந்து நின்று ஆறிப்போன வண்டியை, நெரிசலான அவினாசி சாலையில், பத்து நிமிடம். சூடான ஆயிலில், சமமான சாலையில், எழுபதில் மட்டும் வரும் ஒன்று அங்கே எப்படி வரும்? அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு இருபது வண்டிகளைப் பார்ப்பவருக்கு, ஒவ்வொன்றையும் கிணத்துக்கடவு வரை ஓட்டிப் பார்க்க நேரம் ஏது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜாப் கார்டின் அந்த இரண்டு சொற்கள் உறுத்தத் தொடங்கின. நிறுவன வாரண்டி முடிய இன்னும் ஒரு மாதமே இருந்தது. 'பொதுப் பரிசோதனை' என்ற பதிவை வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸ் குறையை வாரண்டிக் காலத்திலேயே தெரிவித்தேன் என்று நாளை வாதாட முடியாது. அன்றிரவே சர்வீஸ் சென்டருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். எந்த வேகத்தில், எந்த கியரில், எத்தனை நிமிட ஓட்டத்துக்குப் பிறகு, எவ்வளவு மிதிப்பில் உதறல் வருகிறது, பிரேக்கைத் தொட்டால் என்ன ஆகிறது என்பதையெல்லாம், வண்டி எண்ணோடும் ஓடுமானி அளவோடும் எழுதினேன். இந்த ஏழு மாதத்தில் நான் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அந்த மின்னஞ்சல்தான்.

அடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டிக் கணினியின் தகவல்களைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி துளையில் செருகிக் கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் கருவி ஒன்றை வாங்கினேன். அதில் வழுக்கல் அளவு நேரடியாகக் கிடைக்கவில்லை. அது நிறுவனத்தின் ஸ்கேனருக்கு மட்டுமே தெரியும் தகவல். ஆனால் எஞ்சின் சுழற்சி, வண்டியின் வேகம், கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பநிலை ஆகிய மூன்றும் கிடைத்தன. அவை போதும். என் வண்டியில் ஆறாவது கியரில் லாக்-அப் பிடித்திருக்கும்போது, 1,000 சுழற்சிக்கு 50 கி.மீ. வேகம் என்ற கணக்கு மாறாமல் இருக்கும்; எழுபதில் 1,400. இதற்குமேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் வழுக்கல். உதறல் வராத நேரத்தில் 1,420, 1,430 என்று நின்றது. உதறும்போது வேகம் எழுபதிலேயே இருக்க, சுழற்சி மட்டும் 1,410, 1,520, 1,440, 1,550 என்று அலைந்தது. இந்தக் கருவி நொடிக்குச் சில முறைதான் அளவெடுக்கும் என்பதால் உண்மையான துடிப்பின் வடிவம் அதில் தெரியாது. சுழற்சி நிலைகொள்ளவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். ஆயில் 80 டிகிரியைத் தொடும் வரை ஒருமுறைகூட உதறவில்லை. ஆறு பயணங்களின் பதிவுகளை வரைபடமாக்கி, உதறிய இடங்களைச் சிவப்பில் குறித்து அச்சிட்டு எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பரில், 40,700 கி.மீ.யில், இரண்டாம் முறை போனபோது நிறுவன வாரண்டி முடிந்து எக்ஸ்டெண்டட் வாரண்டி தொடங்கியிருந்தது. இம்முறை ஜாப் கார்டில் என்ன எழுத வேண்டும் என்பதை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதே சொற்கள் பதிவாகும் வரை கையெழுத்திடவில்லை. டெக்னீஷியன் ஒருவரை என்னோடு அனுப்புமாறு கேட்டேன். தயங்கினார்கள், பிறகு சம்மதித்தார்கள். நிறுவனத்தின் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு அவர் அமர, நான் ஓட்ட, ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் உதறத் தொடங்கியது. திரையில் 30-ல் நிற்க வேண்டிய வழுக்கல் எண் 30-க்கும் 180-க்கும் இடையே தாவியது. அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியை எடுத்துத் திரையைக் காணொலியாகப் பதிவு செய்தார். அந்த நாற்பது நொடிக் காணொலிக்குப் பிறகு 'எந்தக் குறையும் தெரியவில்லை' என்ற பேச்சு மீண்டும் எழவில்லை.

பேச்சு வேறு திசையில் போயிற்று. முதலில் கணினியின் மென்பொருளைப் புதுப்பித்து, கியர்பாக்ஸ் கற்றுவைத்திருந்த அளவுகளை அழித்துப் புதிதாகக் கற்க விட்டார்கள். இரண்டு வாரம் உதறல் குறைந்தது, போகவில்லை. அடுத்து ஆயிலை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் ஆயில் நுகர்பொருள், வாரண்டியில் சேராது, 9,800 ரூபாய் ஆகும் என்றார்கள். நோயைக் கண்டறிவதற்காக மாற்றும் ஆயிலுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். பழுது உறுதியானால் திருப்பித் தரப் பரிந்துரைப்பதாக எழுத்திலேயே பதில் வந்தது. ஆட்சேபத்தை ரசீதிலேயே குறிப்பிட்டுக் கட்டினேன். வழியும் ஆயிலைப் பார்க்க விட்டார்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது, கருகிய வாடை இல்லை.

இங்கே ஒரு கணக்கு. அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வழியாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது அங்கேயே தங்கிவிடும். என் கியர்பாக்ஸின் எட்டு லிட்டரில் வழிந்தது நான்கு. ஒருமுறை மாற்றினால் பாதி பழையது. இன்னொரு முறை மாற்றினால் கால் பங்கு. மூன்றாம் முறைக்குப் பிறகும் எட்டில் ஒரு பங்கு பழையதுதான். புதிய ஆயில் ஊற்றிய பிறகு 1,800 கி.மீ. வரை வண்டி பட்டுப்போல் ஓடியது. நவம்பரில், 43,000 கி.மீ.யில், அதே கிணத்துக்கடவில் உதறல் திரும்பி வந்தது. புதிய ஆயில் தந்த குணம் அந்த அளவே தாக்குப்பிடித்தது என்றால், தட்டின் பரப்பே கெட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

டார்க் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரே பரிந்துரைத்தது. ஆனால் எக்ஸ்டெண்டட் வாரண்டியின் பின்னால் இருந்தது ஒரு காப்பீட்டு ஏற்பாடு. அந்தக் காப்பீட்டுத் தரப்பின் முன் அனுமதி வர வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் மறுப்பு வந்தது, காரணங்கள் மூன்று. உராய்வினால் தேயும் பாகம் வாரண்டியில் அடங்காது; ஒரு சர்வீஸ் 900 கி.மீ. தாமதமாகச் செய்யப்பட்டுள்ளது, ஓபிடி துளையில் வெளிக்கருவி பொருத்தப்பட்டுள்ளது. மூன்றாவதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. குறையை நிரூபிக்கச் சொன்னவர்கள், நிரூபித்த கருவியையே குற்றமாக்கியிருந்தார்கள்.

ஒப்பந்தத்தைச் சொல் சொல்லாகப் படித்துப் பதில் எழுதினேன். விலக்குப் பட்டியலில் 'கிளட்ச் தட்டு' என்று இருந்தது உண்மை. ஆனால் சேர்க்கைப் பட்டியலில் 'டார்க் கன்வெர்ட்டர்' என்று பெயர் சொல்லியே இருந்தது. லாக்-அப் தட்டு அந்த மூடிய உறைக்குள்ளேயே இருப்பதால் தனியாக மாற்றப்படுவதில்லை, முழு பாகமாகவே மாற்றப்படுகிறது. தாமதமான சர்வீஸ் எஞ்சின் ஆயிலுக்கானது. கியர்பாக்ஸுக்கு அந்தச் சர்வீஸில் எந்த வேலையும் அட்டவணையில் இல்லை. ஓபிடி கருவியை வாங்கியது முதல் புகாருக்குப் பிறகு என்பதற்கு ரசீதும் ஜூலை மின்னஞ்சலும் சான்று. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் உற்பத்தியாளர்கள்மீது பிறப்பித்த உத்தரவையும் குறிப்பிட்டேன். வெளிப் பட்டறையில் வேலை பார்த்ததற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. அந்த வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்று அது கூறியது. மேல்முறையீடுகளுக்கு உள்ளான உத்தரவுதான். என் வழக்குக்கு நேரே பொருந்துவதும் அல்ல. என்றாலும் சேதத்துக்கும் காரணத்துக்கும் தொடர்பைக் காட்டுங்கள் என்று கேட்க அது துணைநின்றது.

அதே நாளில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதையும் பார்த்து வைத்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். உள்ளே இருக்கும் குறையைச் சோதனையால் மட்டுமே அறிய முடியும் என்றால், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இயந்திரக் கோளாறு வழக்குகளில் நிபுணர் சான்று இல்லாமல் போனால் நம் சொல் அவர்கள் சொல்லுக்கு எதிராக நிற்கும், அவ்வளவுதான். என்னிடம் டெக்னீஷியனின் காணொலி இருந்தது.

வழக்கு தேவைப்படவில்லை. ஜனவரி முதல் வாரத்தில், எந்த விளக்கமும் இன்றி, ஒற்றை வரியில் அனுமதி வந்தது.

44,600 கி.மீ.யில் கியர்பாக்ஸை இறக்கினார்கள். அடித்தட்டைத் திறக்கும்போது அருகில் நிற்க அனுமதி கேட்டிருந்தேன். அடித்தட்டின் மூலைகளில் ஒட்டியிருந்த இரண்டு காந்தங்களின்மேல் சாம்பல் நிறத்தில் திருநீற்றைக் குழைத்ததுபோல் மெல்லிய பசை படிந்திருந்தது. டெக்னீஷியன் அதை விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். நறநறவென்று எதுவும் இல்லை. பசை என்றால் இயல்பான தேய்மானம். துகளோ சீவலோ இருந்திருந்தால் கியர்பாக்ஸின் உள்ளுறுப்புகளே போய்விட்டன என்று பொருள். அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன். புதிய டார்க் கன்வெர்ட்டர், புதிய சீல்கள். ஆயில் குளிர்விப்பான் குழாய்களைப் பழைய ஆயில் தங்காமல் கழுவச் சொன்னேன், செய்தார்கள். ஆயிலின் மட்டத்தைக் கையேடு சொன்னபடி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, 40 டிகிரியில், மட்டத் துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக வழியும் வரை பார்த்துப் பூட்டினார்கள். சூடு கூடினால் ஆயில் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும். எனவே அந்த வெப்பநிலை விஷயத்தில் அவசரப்படுபவர்களிடம் வண்டியை விடக் கூடாது.

பில்லில் என் பங்கு பூஜ்யம். ஆயில் மாற்றத்துக்குக் கட்டிய 9,800 ரூபாயில், நான்கு மின்னஞ்சல்களுக்குப் பிறகு, 6,000 திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஓடுமானி 52,000. ஓபிடி கருவியைக் கழற்றி வைத்துவிட்டேன். மாதம் ஒருமுறை பொள்ளாச்சி போகும்போது மட்டும் செருகிப் பார்க்கிறேன். எழுபதில், ஆயில் 88 டிகிரியில், 1,430. வால்பாறை ஏறும்போது கியரைத் தானியங்கியில் விடாமல், கைமுறைக்கு மாற்றி இரண்டாவதில் பிடித்துக்கொள்கிறேன். ஆயில் பத்து டிகிரி குறைவாகவே சூடாகிறது. கையேடு 60,000-இல் ஆயிலை மாற்றச் சொல்கிறது என்றாலும், 56,000-இலேயே மாற்றுவதென முடிவு செய்து, அதற்கான ஆயிலின் பாக எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.